அவள் சொல்லாத பதில்

ஜூன் 3

அன்புள்ள சித்தி,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். சித்தப்பாவிடமும் வேண்டாம். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். அம்மாவிடம் போனில் பேசும்போது "பாப்பா எழுதியிருந்தா" என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். சரி என்று நீங்கள் தலையாட்டியதாக நினைத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

உங்கள் முழங்கால் வலி தேவலையா? தம்பிக்குப் பல் முளைத்துவிட்டதா? இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், வரவில்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். போன் அம்மாவிடம் இருக்கிறது. என்னிடம் இருந்தாலும் இப்போது எனக்கு எதன் பக்கத்திலும் வாயைத் திறக்கப் பயம். அதனால்தான் அம்மா படுத்த பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, தாளில் எழுதுகிறேன்.

அம்மா வேலை செய்யும் அவசரச் சிகிச்சை அறையில் சுவரில் ஒரு கருவி மாட்டியிருக்கிறார்கள் என்று அம்மா உங்களிடம் சொல்லியிருப்பாள். சோப்புப் பெட்டி அளவுதான். அறையில் யார் என்ன பேசினாலும் கேட்டு, அதிலிருந்து நோயாளியின் குறிப்பைத் தானே எழுதிவிடும். டாக்டர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும். எல்லோரும் அதைக் 'காது' என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் எல்லோருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இருப்பதே ஒரு டாக்டர். எப்போது பார்த்தாலும் கொட்டாவி விடுவார். அவர் இப்போதெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்க்காமல் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார் என்றாள் அம்மா. அவளும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தாள்.

போன மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் வலிப்பு வந்த பெண் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் லாரி ஓட்டுபவரின் மகள். என் வயதுதான் இருக்கும். அன்று இரவே உங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே வந்ததும் மறுபடி வலிப்பு வந்து, நிற்கவே இல்லையாம். அவள் எப்படி இருக்கிறாள் சித்தி? நீங்கள் பதிவறையில்தானே வேலை பார்க்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இன்னொன்று: 'காது' கேட்ட குரலை அப்படியே வைத்திருப்பார்களா, எழுதி முடித்ததும் அழித்துவிடுவார்களா?

பதிலைத் தையல்கடை அக்கா பெயருக்குப் போடுங்கள். அவர் மகள் என் வகுப்புதான். விலாசம் பின்பக்கம்.

உங்கள் அன்பு மகள்

ஜூன் 12

என் எலிக்குட்டிக்கு,

சித்தி ஆசிகள். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படியைப் பார்த்தாலே அதற்குக் கோபம் வருகிறது. தம்பிக்கு இரண்டு பல் முளைத்து, முதல் கடி சித்தப்பாவின் தோளில் விழுந்தது. எனக்கு ரொம்பத் திருப்தி.

இத்தனை ரகசியம் எதற்கு? கடிதத்தைப் பார்த்ததும் யாரையாவது காதலித்துத் தொலைத்துவிட்டாயோ என்று பயந்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் சோப்புப் பெட்டி. இங்கேயும் அது வந்திருக்கிறது. எங்கள் அதிகாரி அதற்குத் தினமும் காலை வணக்கம் சொல்கிறார், அதையும் ஏதாவது நோயாளியின் சீட்டில் எழுதிவைக்கும் என்று நாங்கள் கேலி செய்வோம். குரல் எல்லாம் எங்கேயாவது பத்திரமாக இருக்கும். உனக்கு ஏன் அந்தக் கவலை? அதெல்லாம் பெரியவர்கள் சமாச்சாரம்.

ரத்தச் சோகைக்குக் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? கீரையை ஒதுக்கிவைக்காமல் சாப்பிடு. அம்மாவை எதிர்த்துப் பேசாதே.

அன்புடன்
சித்தி

ஜூன் 15

அன்புள்ள சித்தி,

வணக்கம். தம்பியின் பல்லுக்கு என் முத்தம். நீங்கள் மாத்திரையைப் பற்றிக் கேட்டதும் கடிதத்தை அப்படியே மடித்துவைத்துவிட்டேன். அதைத்தான் போன கடிதத்தில் சொல்லாமல் விட்டேன்.

அன்று அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நான் அந்த அறைக்குள் போனேன். 'காது' விழித்திருக்கும்போது வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது என்று கதவிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் நான் சின்ன வயதிலிருந்து போய் வருகிறவள். என்னை யாரும் வெளியாளாக நினைத்ததில்லை, நானும்தான். அந்தப் பெண் கட்டிலில் மயக்கத்தில் கிடந்தாள். ஒரு கால் செருப்பு இல்லை. டாக்டர் அவள் அப்பாவிடம், "இன்னிக்கு வலிப்பு மாத்திரை போட்டாளா?" என்று கேட்டார்.

"தெரியலைங்க. நான் விடியறதுக்கு முன்னாடியே லோடுக்குப் போயிட்டேன்" என்றார் அவர்.

அதற்குள் வேன் கவிழ்ந்துவிட்டது என்று வெளியே ஒரே கூச்சல். டாக்டர் ஓடினார். அவள் அப்பாவும் வெளியே போனார். அம்மா அலமாரியில் ஊசி தேடிக்கொண்டே, திரும்பாமல், என்னைக் கேட்டாள்:

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன்மா. சாப்பிட்டதும் போட்டேன்."

அவ்வளவுதான். டப்பாவை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உங்களுக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முந்தின நாள் பெண் விசாரணை அதிகாரி ஒருவர் எங்கள் குவார்ட்டர்ஸுக்கே வந்தார். என் அறைச் சுவர் அட்டை மாதிரி. அவர் அந்தப் பெண்ணின் குறிப்பைப் படித்தது முழுவதும் கேட்டது. "இன்றைய மாத்திரையை உணவுக்குப் பின் எடுத்துக்கொண்டார்." அதை நம்பித்தான் உங்கள் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வலிப்பு மருந்தை உடனே கொடுக்கவில்லையாம். அவள் அன்றைக்கு மாத்திரையே போட்டிருக்கவில்லை.

சித்தி, அது அவள் சொன்னதில்லை. நான் சொன்னது. நான் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே சாப்பிட்டதும் போட்டேன். உண்மையைச் சொல்லியும் இப்படி ஆனால் நான் என்ன செய்ய வேண்டும்?

அவர் போனதும் அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் தோளை அழுத்திப் பிடித்து, "நீ அன்னிக்கு அங்க வரவே இல்ல. புரியுதா?" என்றாள். அவளுக்கும் தெரியும்.

பதில் சீக்கிரம் போடுங்கள். அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று நீங்கள் எழுத மறந்துவிட்டீர்கள்.

உங்கள் மகள்

ஜூலை 6

அன்பு எலிக்குட்டிக்கு,

சித்தி நலம். உடனே எழுதாததற்குக் கோபப்படாதே. தம்பிக்குச் சளி, சித்தப்பாவுக்கு இரவு வேலை, எனக்கு இரண்டு பேரையும் சமாளிக்கும் வேலை.

நீ எழுதியதைப் படித்தேன். நீ தப்பு எதுவும் செய்யவில்லை. இதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள். கேட்டது ஒரு கருவி, கையெழுத்துப் போட்டது ஒரு டாக்டர். குறிப்பை அந்தக் குடும்பத்துக்குப் படித்துக் காட்டிவிட்டு அனுப்ப வேண்டியது உன் அம்மா, என் அக்கா. வேன் விபத்தில் அத்தனை பேர் ரத்தமும் காயமுமாக வந்து நிற்கும்போது யாருக்கு அதற்கு நேரம்? படித்துக் காட்டியதாக அவள் பொத்தானை அழுத்தியிருப்பாள். எங்கேயும் எல்லோரும் செய்வதுதான்.

ஆனால் அக்கா ஒப்பந்த வேலையில் இருக்கிறாள். பிள்ளையை உள்ளே விட்டாள், படிக்காமல் பொத்தானை அழுத்தினாள் என்று இரண்டும் சேர்ந்தால் வேலை போகும், குவார்ட்டர்ஸும் போகும். உன் அப்பா போன பிறகு அவள் எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள் என்று உனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுமையாக இரு. உனக்குப் பரீட்சை முடியட்டும். பெரியவர்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நேரத்துக்குத் தூங்கு.

சித்தி

ஜூலை 9

அன்புள்ள சித்தி,

நலமா? தம்பிக்குச் சளி விட்டதா?

நீங்கள் பொறுமையாக இரு என்கிறீர்கள். அந்த லாரிக்காரரைப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். இந்த ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் கொண்டுவருவதே அவர்தான். காலையில் வந்து தொட்டியை நிரப்புகிறார். குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு வாசலில் நின்றுகொள்கிறார். யார் உள்ளே போனாலும், "நான் தெரியாதுன்னுதாங்க சொன்னேன்" என்கிறார். சத்தம் போடுவதில்லை. வழி கேட்கிறவர் மாதிரி கேட்கிறார். நான் குளிக்கும் தண்ணீர் அவர் கொண்டுவந்தது.

கடைத்தெருவில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? தையல்கடையில் ஒரு அம்மா ரவிக்கைக்கு அளவு கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "பொண்ணுக்கு மாத்திரை குடுக்க மறந்துட்டு, குடுத்தேன்னு சொல்லியிருக்கான். இப்ப ஊரைக் குத்தம் சொல்றான். அப்பனா அவன்?" தையல்கடை அக்கா, "கையைத் தூக்கும்மா, அளவு எடுக்கணும்" என்றார். நான் நூல்கண்டை உருட்டிக்கொண்டு நின்றேன்.

இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியும். இதையும் நான் உங்களிடம் சொல்லவில்லை. அந்த அதிகாரி, "பொண்ணு மயக்கத்துல இருந்திருக்கு. அப்போ இதைச் சொன்னது யாரு சிஸ்டர்?" என்று கேட்டார். அம்மா நாற்காலியை நகர்த்தினாள். பிறகு, "அவங்க அப்பாதான் சொன்ன மாதிரி ஞாபகம்" என்றாள்.

அதைக் கேட்டதிலிருந்து என்னால் அம்மாவுக்கு நேராக உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு படிக்கிறேன் என்று அறைக்கு வந்துவிடுகிறேன்.

அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்?

உங்கள் மகள்

ஜூலை 24

சித்தி,

உங்களிடமிருந்து பதில் இல்லை. தையல்கடைக்குத் தினமும் போய், "ஏதாவது வந்திருக்கா அக்கா?" என்று கேட்டு, "வந்தா நான் என்ன தின்னுடவா போறேன்?" என்று திட்டு வாங்குகிறேன். உங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அம்மா சரியாக இல்லை. துவைத்த துணியையே மறுபடி துவைக்கிறாள். வீட்டில் நான் எதையாவது சத்தமாகப் படித்தால் திடுக்கிட்டுச் சுவரைப் பார்க்கிறாள். இங்கே சுவரில் காலண்டர்தான் இருக்கிறது. நேற்று என்னிடம் வழக்கம்போல "மாத்திரை..." என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். நான் அட்டையை எடுத்துப்போய் அவள் பக்கத்தில் வைத்து, ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் இப்போது இப்படித்தான்.

டாக்டர் நீண்ட விடுப்பில் போய்விட்டார். கொட்டாவி விட யாரும் இல்லை.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஜூலை 30

அன்பு எலிக்குட்டிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. அந்தப் பெண் பிழைத்துவிட்டாள். மேற்கொண்டு கேட்காதே.

அக்கா சொன்னதை நினைத்து அவளை வெறுத்துவிடாதே. அந்த நேரத்தில் அவள் மனதில் நின்றது நீதான், வேறு யாரும் இல்லை. ஆகஸ்ட் முடியட்டும். அதன் பிறகு நானே லீவு போட்டு வந்து அவளோடு பேசுகிறேன். அதுவரை யாரிடமும் எதுவும் சொல்லாதே. எனக்காக.

இத்துடன் நல்ல பேனா ஒன்று அனுப்பியிருக்கிறேன். உன்னுடையது கடிதம் முழுக்க மை கக்குகிறது.

சித்தி

ஆகஸ்ட் 14

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள். பேனா கிடைத்தது. இது அந்தப் பேனாவால் எழுதியது அல்ல.

ஆகஸ்ட் முடியட்டும் என்று ஏன் எழுதினீர்கள் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. இன்று அம்மாவுக்குக் குடை கொடுக்கப் போனேன். இப்போதெல்லாம் உள்ளே போவதில்லை, வாசலிலேயே நிற்பேன். நிற்கும்போது அங்கே ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தேன். கீழே பொடி எழுத்தில் இருந்தது. குரல் பதிவுகள் மூன்று மாதம் வரைதான் இருக்குமாம். அதற்குள் நோயாளியோ குடும்பத்தாரோ எழுதிக் கேட்டால் போட்டுக் காட்டுவார்களாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டவர்கள் அந்த ஆஸ்பத்திரியின் பதிவறையிலேயே கேட்கலாமாம்.

பதிவறை என்றால் நீங்கள்.

நான் முதல் கடிதத்திலேயே இதைத்தான் கேட்டேன். எங்கேயாவது பத்திரமாக இருக்கும் என்று எழுதினீர்கள். பிறகு பரீட்சை முடியட்டும் என்றீர்கள், ஆகஸ்ட் முடியட்டும் என்றீர்கள். என் கடிதங்களுக்கு நீங்கள் தாமதமாகப் பதில் போட்டது சளியால் இல்லை, அப்படித்தானே? இந்த மாதம் போய்விட்டால் லாரிக்காரர் தெரியாது என்று சொன்னதும் அழிந்துவிடும். தாளில் இருப்பது மட்டும் மிஞ்சும்.

நான் உங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை சித்தி.

ஆகஸ்ட் 19

என் கண்ணே,

இந்த முறை தாமதிக்கவில்லை.

நீ எழுதியது எல்லாம் சரி. எனக்குத் தெரியும். அந்தக் கோரிக்கைகளை வாங்கிப் பதிவது என் மேசைதான். அவர் மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் என் ஜன்னலைத் தாண்டித்தான் போகிறார். ஒருநாள் நின்று, "இங்க எதாவது எழுதிக் குடுக்கணுமாம்மா?" என்று கேட்டார். பார்வையாளர் சீட்டைக் கேட்கிறாரோ என்று நினைத்ததுபோல நடித்து, "அந்தப் பக்கம் கேளுங்க" என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு உன் கடிதத்தைப் பிரிக்கவே எனக்குக் கை வரவில்லை.

நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், சொல்கிறேன். அவள் எழுந்து உட்காருகிறாள். ஸ்பூன் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வலது கை சரியாக வரவில்லை. எதையாவது கேட்க வாயெடுத்தால் அந்தப் பொருளின் பெயர் அவளுக்குக் கிடைப்பதில்லை, அழுகிறாள். நாள்பட்டால் தேறலாம் என்கிறார்கள். அவள் நன்றாக இருந்திருந்தால் முதல் கடிதத்திலேயே எழுதியிருப்பேனே.

என்னைப் படிக்கவைத்தது உன் அம்மா. தான் படிப்பை நிறுத்திவிட்டு என்னை அனுப்பினாள். அவளுக்கு எதிராக ஒரு தாளை நீட்ட என்னால் முடியவில்லை. உன்னைத் தடுக்கவும் இனி வாய் வராது. அவர் எழுதிக் கேட்டால் நான் வாங்கிக்கொள்வேன். அதை மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சித்தி

ஆகஸ்ட் 23

அன்புள்ள சித்தி,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. எனக்கு உங்கள்மேல் கோபம் இருக்கிறது, ஆனாலும் உங்களிடம்தான் எழுதுகிறேன். இன்று நான் செய்ததை உங்களுக்குச் சொல்லிவிட்டால் படபடப்பு அடங்கும் என்று நினைக்கிறேன். இன்னும் அடங்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனேன். அவர் லாரிக்குப் பக்கத்தில் ஈரக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள்."

"யாரு, நர்ஸம்மா பொண்ணா? அம்மா உள்ளதான் இருக்காங்க, போ."

"உங்களப் பாக்கத்தான் வந்தேன். அன்னிக்கு அந்த ரூம்ல பேசின குரல் இன்னும் இருக்கு. நீங்க எழுதிக் கேட்டா போட்டுக் காட்டுவாங்க. இந்த மாசம் போச்சுன்னா அழிச்சிடுவாங்க."

அவர் குழாயைக் கீழே வைத்தார். "நான் தெரியாதுன்னு சொன்னது அதுல இருக்குமா?"

"இருக்கும். மாத்திரை போட்டேன்னு சொன்னதும் இருக்கும். அது உங்க குரல் இல்ல." என் நெஞ்சைத் தொட்டேன். "என்னோடது. அம்மா என்னைக் கேட்டாங்க, நான் எனக்குச் சொன்னேன். அது உங்க பொண்ணு சீட்டுல போயிடுச்சு."

அவர் லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீ எதுக்கு மாத்திரை போட்ட?" என்று கேட்டார்.

"ரத்தச் சோகைக்கு."

"இப்ப பரவாயில்லையா?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். சித்தி, அவர் அதைக் கேட்டிருக்கக் கூடாது. அடித்திருக்கலாம்.

யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். உங்கள் ஜன்னலைச் சொன்னேன். என்ன உறவு என்று சொல்லவில்லை. பிறகு, "நான் எழுதறேன். நீ சொன்னத நீயும் ஒரு வரி எழுதித் தரணும். ஆனா இப்படித் தெருவுல நின்னு ஒளிஞ்சு வேண்டாம். உங்கம்மா இருக்கும்போது வீட்டுக்கு வரேன். கடைசி லோடு முடிச்சிட்டு இன்னிக்கே வரேன்" என்றார். நான் எங்கள் குவார்ட்டர்ஸைக் கை காட்டினேன்.

அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவள் வந்ததிலிருந்து பார்க்கிறேன். சாப்பிடும்போது இன்று அவளுக்கு எதிரேயே உட்கார்ந்தேன். "என்ன அதிசயம், மகாராணி இங்க உக்காந்திருக்கீங்க?" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள். அதனால் சொல்ல முடியவில்லை. இப்போது அடுத்த அறையில் நாளைக்கான யூனிஃபார்மைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு எழுந்து போய்ச் சொல்லிவிடுவேன். அவர் வருவதற்கு முன்னால் என் வாயால் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு வேலை போனால், குவார்ட்டர்ஸும் போனால், நாங்கள் உங்களிடம் வரலாமா? சித்தப்பா என்ன சொல்வார்? நான் தம்பியைப் பார்த்துக்கொள்வேன், கீரையும்...

தெருவில் லாரிச் சத்தம். நின்றுவிட்டது. சித்தி, நான் இன்னும் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டியின் சத்தமும் நின்றுவிட்டது. கதவைத் தட்டுகிறார்கள். அம்மா போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறாள்: "வாசல்ல நின்னு அவர்கிட்ட நீ பேசினத ஜன்னல்லேர்ந்து பாத்தேன். எப்போ சொல்லுவேன்னுதான் காத்துட்டிருந்தேன். நீயே போய்த் திற. நான் வரேன்"